காலிப் பைக்கு ஒரு கட்டம்

சென்ற மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் என்னைப் போனில் கூப்பிட்டாள். களியிக்காவிளைக்காரி, அதனால் தமிழிலேயே பேசினாள். மாதிரிப் பதிவேடுகளை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

"சாரே, பழைய ரெஜிஸ்டருல ஏழாவது கட்டத்துக்கு மேல 'காலிப் பை'ன்னு எழுதியிருக்கு. எல்லா வரியிலயும் ஒரு நம்பரு போட்டிருக்கு. இது என்னத்துக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல்ல. எடுத்திரலாமா?"

"எடுக்காத மக்கா. காரணம் எழுதித் தாறேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்தக் கட்டத்துக்குக் காரணம் எழுத வேண்டுமென்றால் என் முட்டாள்தனத்தையும் எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன். ஓய்வுபெற்று இத்தனை காலம் கழிந்தும் அதை நினைத்தால் எனக்கு வெட்கத்தைவிட நன்றிதான் முன்னால் வருகிறது.

நான் பாறசாலைக்காரன். கனிமங்களைச் சோதிக்கும் அரசு ஆய்வுக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. முதல் ஐந்து வருடம் குப்பி கழுவினேன், கல் இடித்தேன், சல்லடை பிடித்தேன். அடுத்த ஐந்து வருடத்தில் அமிலம் எது, காரம் எது என்று மூக்கால் அறியப் பழகினேன். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தினமும் காலையில் பாசஞ்சர் ரயிலில் திருவனந்தபுரம் போவேன், மாலையில் அதே ரயிலில் திரும்புவேன். தொண்ணூறுகள் வந்தபோது நான் சீனியர் டெக்னீஷியன். கல்லைக் கையில் வாங்கியதுமே பேர் சொல்லிவிடுவேன் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நெய்யாற்றின்கரையைச் சுற்றிய ஊர்களில் செம்மண்ணுக்கு அடியில் சில இடங்களில் வெள்ளைக் கல் நரம்புகள் ஓடும். வெங்கச்சங்கல்லும் காக்காப்பொன்னும் வெளுத்த களிமண்ணும் கலந்த நரம்பு. அபூர்வமாக அதில் வைடூரியம் கிடைக்கும். அதனால் அந்தக் காலத்தில் யார் கக்கூசுக்குக் குழி வெட்டினாலும் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். மின்னுகிற எதையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். ஒருவர் உடைந்த சோடாக் குப்பியின் கழுத்தைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் தன் வயிற்றிலிருந்து எடுத்த பித்தப்பைக் கல்லைக் கொண்டுவந்து, இதற்கு விலை உண்டா என்று கேட்டார். எனக்கு ரொம்பப் பிடித்தமான கல் அதுதான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எந்த மாதிரி வந்தாலும் அதை அலுவலகத்துப் பையில் போட்டு, நம்பர் எழுதி, நாடாவால் கட்டின பிறகுதான் மேசைக்கு வர வேண்டும். பை என்றால் பாலராமபுரத்துத் தறிகளில் நெய்த, கோடித்துணியில் தைத்த கெட்டிப் பை. ஒரு தடவை உபயோகித்ததைத் தூர எறிய மாட்டோம். உதறி, கழுவி, மொட்டை மாடியில் காயப்போட்டு, மறுபடியும் அலமாரியில் அடுக்குவோம். கடற்கரையிலிருந்து கருமணல் வந்த பையில் அடுத்த மாதம் காட்டாக்கடைச் சுண்ணாம்பு வரும். இதில் தப்பாக எதுவும் எங்களுக்குத் தோன்றியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொன்னையன் என்று ஒருவர் வந்தார். ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர். மலைச்சரிவில் வீடு. வீட்டுக்காரி ஞானம்மாள் கல்யாணமாகி வந்த நாள் முதல் கீழே வயலோரத்து ஊற்றிலிருந்து குடம் சுமக்கிறாளாம். அந்த வருடம்தான் முற்றத்தில் கிணறு வெட்டத் தொடங்கியிருந்தார்கள். இருபதடியில் வெள்ளைக் கல் வந்தது, அதன் வெடிப்பில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அதில் ஒரு கட்டியைத் தினசரித் தாளில் பொதிந்து கொண்டுவந்திருந்தார்.

"சாரே, இது வெசம் வல்லதுமா? வெள்ளம் குடிக்கியதுக்குள்ள கெணறாக்கும். அறிஞ்சிட்டு வெட்டலாம்னு வந்தேன்" என்றார். எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.

வைடூரியமா என்று கேட்காமல் விஷமா என்று கேட்டு வந்த முதல் ஆள் அவர். அந்த ஒன்றுக்காகவே நான் அவரை நன்றாகக் கவனித்திருக்க வேண்டும். என் கண்ணோ சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பாசஞ்சருக்கு முக்கால் மணி நேரமே இருந்தது. காகிதத்தைப் பிரித்து, கட்டியை அலமாரியிலிருந்து எடுத்த ஒரு பையில் தட்டினேன். கையில் கனத்தது. அந்த அளவுக் கல்லுக்கு இருக்க வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு கனம். மஞ்சள் நிறம், மண் போன்ற தன்மை, கனம். என் மனதில் ஒரு பெயர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. கதிர்வீச்சைக் காட்டும் கவுண்டரை எடுத்துப் பைமேல் வைத்தேன். அது படபடவென்று அடித்தது. அவ்வளவுதான். வேறு ஒரு சோதனையும் செய்யவில்லை. "யுரேனியம் சேர்ந்த கனிமம். கிணறு வெட்டுவதைத் தொடரக் கூடாது" என்று குறிப்பு எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு ரயிலைப் பிடித்தேன். ரயிலில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

குறிப்பு கடிதமாகி, கடிதம் பஞ்சாயத்துக்குப் போய், பத்து நாளில் பொன்னையன் முற்றத்தில் கிணற்றுக்குத் தடை வந்துவிட்டது.

எங்கள் பிரிவின் கெமிஸ்ட் வத்சலா மேடம் அப்போது இரண்டு மாதப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். என்னைவிடப் பதினோரு வயது இளையவர், கோட்டயத்துக்காரர். மலையாளத்தில்தான் பேசுவார், என்னை 'சேட்டா' என்று கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சோதனை தொடங்கும் முன் பென்சிலைச் சீவி வைத்துக்கொள்வார், கையைக் கழுவிக்கொள்வார், முடிந்த பின்னும் கழுவுவார். முடிவு எவ்வளவு தெளிவாக வந்தாலும் "ஒன்னூடே நோக்காம்" என்பார். இன்னொரு தரம் பார்ப்போம் என்று அர்த்தம். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. சின்னப் பெண், பயத்தில் இரண்டு தடவை செய்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

மே மாதம் முதல் வாரத்தில் திரும்பி வந்தவர், தான் இல்லாதபோது போன கடிதங்களை எல்லாம் வாசித்தார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "சேட்டா, ஆரியங்கோட்டுக் கல் இருக்கிறதா? ஒன்னூடே நோக்காம்."

பையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் கதவைச் சாத்தினார். முதலில் வெறும் மேசைமேல் கவுண்டரை வைத்து எண்ணிக்கையை எழுதினார். பிறகு தன் கைமேல். பிறகு கல்லைப் பையிலிருந்து எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, புதிய வெள்ளைத்தாளில் வைத்து, கல்மேல். மேசைக்கு எவ்வளவோ கல்லுக்கும் அவ்வளவே. ஒரு 'டிக்', சற்றுக் கழித்து இன்னொரு 'டிக்'. கடைசியாக அந்தக் காலிப் பையின்மேல் கவுண்டரை வைத்தார். படபடவென்று அடித்தது.

பையை உள்வெளியாகப் புரட்டி, தையல் ஓரத்தை வெள்ளைத்தாளின்மேல் விரலால் தட்டினார். தேன் நிறத்தில் பொடிப் பொடியாக மணல் விழுந்தது. கடற்கரைக் கருமணலோடு வரும் மோனசைட். தோரியம் உள்ள மணல். எத்தனை தடவை கழுவினாலும் தையல் மடிப்புக்குள் கனமான மணல் தங்கிவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, இருபது வருடம் அந்தப் பைகளை எண்ணி அடுக்கிய எனக்கும் தோன்றவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தார் என்பதே சரி. அந்தக் கதவைச் சாத்தியதும் எனக்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. மேசையில் விழுந்த மணலைக் காகிதத்தில் மடித்து வைத்தபடி, "அப்படியென்றால் இந்த மஞ்சள் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அதைக் கண்டுபிடிக்க அன்று மாலை முழுவதும் ஆனது. நான் ரயிலை விட்டுவிட்டேன். அந்தச் சோதனையை வரிசையாக எழுதி வைக்கிறேன், இப்போது யாரும் இப்படிச் செய்வதில்லை.

முதலில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தோம். யுரேனியத்தின் மஞ்சள் பலதும் அதில் பச்சையாக ஒளிரும். இது ஒளிரவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழவில்லை, செப்புக்காசால் கீறினால் விழுந்தது. ஒரு துணுக்கை நைட்ரிக் அமிலத்தில் போட்டதும் நுரைத்துக் கரைந்தது. ஆகக் கார்பனேட். இன்னொரு துணுக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தோம், தெளிவாகக் கரைந்தது. அந்தக் கரைசலில் ஒரு சொட்டை ஒரு பீக்கர் தண்ணீரில் விட்டார் மேடம். தண்ணீர் பால் போல வெளுத்தது. மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஊதுகுழல் எடுங்கள், சேட்டா."

ஊதுகுழல் என் வித்தை. கரிக்கட்டையில் சிறு குழி செய்து, கல்பொடியோடு பொட்டாசியம் அயோடைடும் கந்தகமும் கலந்து வைத்தேன். விளக்குச் சுடரைக் குழலால் ஊதி அதன்மேல் சாய்க்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, சுடர் அறுபடாமல் ஊத வேண்டும். ஈயமாக இருந்தால் கரியின்மேல் மஞ்சள் படியும். நாங்கள் பயந்ததும் ஈயத்துக்குத்தான், ஏனென்றால் அதுவும் கிணற்றுக்கு ஆகாது. நான் ஊதினேன். குழியைச் சுற்றிக் கரியின்மேல் ஒரு வளையம் படியத் தொடங்கியது. செங்கல் சிவப்பு. அதுவரை அந்தச் சிவப்பைப் புத்தகத்தில் வாசித்திருக்கிறேனே தவிர, என் மூச்சில் வந்து பார்த்ததில்லை.

"பிஸ்மத்" என்றார் மேடம். இன்னொரு கரிக்கட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஒன்னூடே."

இரண்டாவது கட்டையிலும் சிவப்புதான். பிஸ்மத் ஈயம் போலக் கனமான உலோகம், பீக்கரில் தண்ணீர் வெளுத்ததும் அதனால்தான். அந்த மஞ்சள் மண்ணின் பெயர் பிஸ்மூட்டைட். நிலத்துக்கடியில் பிஸ்மத்தும் கந்தகமும் சேர்ந்த சாம்பல் நிறக் கல் முதலில் இருந்திருக்கும். மழைத்தண்ணீர் காலம் காலமாக இறங்கி இறங்கி அதை மாற்றிவிட்டது. இரும்புக்குத் துரு எப்படியோ அதற்கு இந்த மஞ்சள் அப்படி. தண்ணீரில் கரையாது. மனிதருக்குப் பெரிய கெடுதலும் இல்லை. முன்காலத்தில் கம்பவுண்டர்கள் வயிற்றெரிச்சலுக்குக் கலக்கிக் கொடுத்த மருந்தில் இருந்ததும் ஏறக்குறைய இதே பொருள்தான்.

புறப்படும் நேரத்தில் மேடம் அந்தக் கட்டியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மஞ்சளின் இடுக்கில் ஆரஞ்சு நிறத்தில் மிகச் சிறிய செதில்கள் மின்னின. ஒரே ஒரு செதிலை ஊசி முனையால் எடுத்து, அமிலத்தில் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விட்டார். செம்பழுப்பாக மாறியது. வனேடியம். பிஸ்மத்தும் வனேடியமும் சேர்ந்த கனிமம் உலகத்திலேயே சில இடங்களில்தான் கிடைக்கும். அதிலும் சேர்மானம் ஒன்றாகவும் அணுக்களின் அடுக்கு வேறாகவும் இருக்கிற மூன்று வகை உண்டு. எது என்று சொல்ல எக்ஸ்-ரே வேண்டும், எக்ஸ்-ரேக்கு இன்னும் நிறையச் செதில் வேண்டும். புறப்பட எடுத்த கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மேடம் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

மறுநாள் திருத்தக் கடிதம். "மறுபரிசோதனையில் வேறு முடிவு தெரியவந்தது என்று எழுதினால் போதுமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டேன். "சேட்டனே எழுதுங்கள்" என்று காகிதத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரு மணி நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், கவுண்டர் முதலில் எண்ணியது எங்கள் பையில் இருந்த மணலை, கல்லை அல்ல, பையில் போட்டவன் நான் என்று எழுதினேன். அதற்கு எனக்கு ஒரு மெமோ கிடைத்தது, வர வேண்டிய சம்பள உயர்வும் ஒரு வருடம் தள்ளிப்போனது. மேடம் எனக்காக ஒரு நல்ல வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். சொல்லிக் கொடுக்காததற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

கடிதத்தோடு இரண்டு பேருமாக ஆரியங்கோட்டுக்குப் போனோம். பொன்னையன் வீட்டில் இல்லை. ஞானம்மாள் ஊற்றிலிருந்து குடத்தோடு மேடேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நாங்கள் யார் என்று சொன்னதும் முகம் இறுகியது.

"நீங்களா சாரே அத எழுதுனது?"

"நான்தான். தப்பு எனக்க தப்பாக்கும். கல்லுல ஒண்ணும் இல்ல. நாங்க போட்ட பையில இருந்துது."

"எங்க ஆளு பேப்பருல பொதிஞ்சுல்லா கொண்டு வந்தாரு?"

"ஓம். நான்தான் அத எடுத்துப் பையில தட்டினேன்."

"அப்ப பேப்பருலயே வச்சுப் பாத்திருந்தா?"

"ஒண்ணும் வந்திருக்காது."

அவள் பேசத் தொடங்கினாள், நிறுத்தவே இல்லை. தடை வந்த அன்றே கிணறு வெட்டுகிறவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதுகூடப் பரவாயில்லை. அவளுடைய பசுவின் பால் முச்சந்தியில் ராபர்ட்டின் சாயாக்கடைக்குத்தான் போகும். இல்லை, போய்க்கொண்டிருந்தது. ராபர்ட் அவளுடைய சபைக்காரன்தான், ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவன். "உனக்க முற்றத்துப் புல்லத் தின்ன பசுவுக்க பாலு, எனக்கு வேண்டாம்" என்று குடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டானாம்.

நான் கடிதத்தை நீட்டினேன். இந்த மஞ்சள், வயிற்றுவலிக்கு மருந்தாகக் கொடுத்ததுபோன்ற பொருள்தான் என்று விளக்கினேன்.

"அப்ப கெணத்துக்குள்ள டிஸ்பென்சரியாக்கும்" என்றாள். சிரிக்கவில்லை. "பேப்பரு கொண்டு அடச்சத பேப்பரு கொண்டு தொறக்க ஒக்குமா சாரே? பஞ்சாயத்து தொறக்கும். ஆளுவளுக்க நெஞ்சில கெடக்கியத என்ன செய்யப் போறிய?"

தெரியாது என்றே சொன்னேன்.

ஒரு வாரத்தில் தடை நீங்கியது, நானும் மேடமும் மறுபடியும் ஆரியங்கோட்டுக்குப் போனோம். கிணறு வெட்டுகிறவரைப் பொன்னையன் கெஞ்சிக் கூட்டிவந்தார். அவர் விளிம்பில் நின்று குழியைப் பார்த்துவிட்டு, "சார் மொதல்ல எறங்கட்டு. பொறவு நான் எறங்கியேன்" என்றார். நியாயம்தானே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினேன். செம்மண், அதற்குக் கீழே வெட்டுகல், அதற்குக் கீழே வெளுத்த களிமண்ணில் காக்காப்பொன் மின்னியது. கடைசியில் வெங்கச்சங்கல். அதன் வெடிப்பில் ஒரு கையகலத்துக்கு மஞ்சள், மஞ்சளுக்குள் அங்கங்கே ஆரஞ்சுப் பொட்டுகள்.

"மேடம், உண்டு! ஒரு கையகலம் உண்டு!" என்று கத்தினேன்.

மேடம் குனிந்து பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு கடிதம் எழுதினால் போதும். இது அபூர்வக் கனிமம், முறையாக அளந்து எடுக்க ஒரு மாதம் வேலையை நிறுத்துங்கள் என்று. பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் வரும். கனிமத்தோடு அவர் பெயரும் சேரும். கிணறு வெட்டுகிறவரிடம் அவர் கேட்பது மேலிருந்து எனக்குக் கேட்டது. மழை வந்தால் இந்தக் குழி எவ்வளவு தாங்கும்?

"ஒரு மழ தாங்கும். ரெண்டாவது மழைக்கு நிக்காது மேடம். சேடி மண்ணாக்கும், அப்படியே இடிஞ்சு இருந்திரும்."

எடவப்பாதி மழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. தெற்கே மேகம் ஏற்கெனவே கூடியிருந்தது. பிறகு மேடத்தின் குரல் வந்தது: "சேட்டா, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு முடியுமோ எடுங்கள். அப்புறம் இவர்கள் வெட்டட்டும், உறை இறக்கட்டும்."

ஒரு இஞ்செக்‌ஷன் குப்பியில் பாதி கிடைத்தது. திரும்பும் வழியில் பஸ் காட்டாக்கடை வந்தபோது மேடம், "சேட்டா, குப்பி பத்திரமாக இருக்கிறதா?" என்று கேட்டார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். அந்த வருடம் ஓணம் கழிந்து எக்ஸ்-ரே முடிவு வந்தது. கிளைனோபிஸ்வனைட், அந்த மூன்று வகையில் ஒன்று. மேடம் அதைப் பென்சிலால் குப்பியின் ஒட்டுத்தாளில் எழுதி அலமாரியில் வைத்தார். அளவு போதாது, கிடைத்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை என்பதால் எந்த ஆராய்ச்சி ஏட்டுக்கும் அனுப்பவில்லை. மீதி எல்லாம் ஆரியங்கோட்டில் சிமெண்டு உறைக்குப் பின்னால் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் தண்ணீர் கண்டது. பொன்னையன் செய்தி சொன்னதும் நானே போய் எடுத்துவந்தேன். மூன்று தடவை அலசிய குப்பி. புறப்படும் முன்பே, காய்ச்சி வடித்த தண்ணீரை அதே குப்பியில் ஊற்றி அதைச் சோதித்தேன். குப்பியில் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கிணற்றுத் தண்ணீர். ஈயம், ஆர்சனிக், பிஸ்மத் என்று ஒவ்வொன்றாக இரண்டு முறை பார்த்தேன். மேடம் சொல்லாமலே இரண்டு முறை. குடிக்கத் தகுந்தது என்று நான் டைப் செய்து மேடம் கையெழுத்திட்டார். கடைசி உறை இறங்கின மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் சபைக்கு வர வேண்டும் என்று ஞானம்மாள் எங்கள் இரண்டு பேரையும் அழைத்திருந்தாள். நான் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆராதனை முடிகிறவரை கடைசிப் பெஞ்சில் மேடத்துக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் ஏலம். அந்தச் சபைகளில் முதலில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள், உபதேசியார் அதை ஏலம் விடுவார். ஒரு பலாப்பழம் போனது, ஒரு கோழி போனது, மரச்சீனிக் கிழங்கு ஒரு கட்டு போனது. பிறகு ஞானம்மாள் எழுந்து போய், வாயில் வாழையிலை கட்டிய ஒரு பித்தளைக் குடத்தை மேசைமேல் வைத்தாள்.

உபதேசியார் ஒரு நிமிடம் தயங்கினார். "ஞானம்மாளுக்க வீட்டுப் புதுக் கெணத்து மொதல் வெள்ளம். கேக்கியவங்க கேக்கலாம்."

ஒருவரும் கேட்கவில்லை. ஞானம்மாள் குடத்தைப் பார்த்தபடியே நின்றாள். அவள் அன்று கேட்ட கேள்விக்கு இதுதான் பதிலா என்று நினைத்தேன். மேடத்தின் குடைக் காம்பு என் விலாவில் இடித்தது. எழுந்து ஒரு விலை சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு தரம்" என்றார் உபதேசியார். "ரெண்டு தரம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்தால் என்ன பிரயோஜனம்? எழுதினவனே எடுத்துக்கொண்டு போனான் என்றுதானே சொல்வார்கள். அந்தக் குடம் என் கையில் வரக் கூடாதே என்று எந்தத் தெய்வத்தை வேண்டினேன் என்று எனக்கே தெரியாது.

"அதுக்கு மேல ஒண்ணு."

நடுப் பெஞ்சிலிருந்து வந்த குரல். தடித்த ஒரு மனிதர், மடித்த கைத்துண்டைத் தோளில் போட்டிருந்தார். ஞானம்மாளின் முகம் மாறியதிலிருந்தே அது சாயாக்கடை ராபர்ட் என்று புரிந்தது. எனக்கு ஏலத்தின் சூடு ஏறி மறுபடியும் வாயைத் திறந்துவிட்டேன். மேடத்தின் குடை முனை என் கால்விரலை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டேன்.

"மூணு தரம்."

ராபர்ட் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேரே ரோட்டைக் கடந்து தன் கடைக்குப் போனார். சபை பாதி அவர் பின்னால் போனது, நாங்களும் போனோம். குடத்துத் தண்ணீரை அப்படியே பாத்திரத்தில் கவிழ்த்து அடுப்பில் வைத்தார். முதல் சாயாவை எல்லார் முன்னாலும் நின்றுகொண்டே தான் குடித்தார். பிறகு கிளாஸ்களை வரிசையாக வைத்து ஊற்றத் தொடங்கினார்.

"எலே, என்ன பாத்துட்டு நிக்கிய? வேண்டாதவன் போலாம்."

ஒருவரும் போகவில்லை. ராபர்ட் கிளாஸைக் கழுவியபடி, தலையை நிமிர்த்தாமலே ஞானம்மாளிடம் சொன்னார்: "நாளைக்குக் காலத்த பாலு வரணும். கேட்டியா?"

ஞானம்மாள் தலையை ஆட்டினாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் சாயாவை ஊதுகிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தை அந்த ஊர் எனக்கு மன்னித்துக் கொடுத்தது அன்றைக்குத்தான். மேடம் தன் கிளாஸைக் காலிசெய்துவிட்டு ராபர்ட்டிடம் நீட்டி, "ஒன்னூடே" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை, அலுவலகம் திறந்ததும் பதிவேட்டில் அடிமட்டம் வைத்து ஒரு புதிய கோடு கிழித்தேன். மேலே 'காலிப் பை' என்று எழுதினேன். அன்று முதல் ஓய்வுபெற்ற நாள்வரை எந்த மாதிரியையும் பையில் போடும் முன் வெறும் பையின்மேல் கவுண்டரை வைத்து, அது அடிப்பதை எண்ணி அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். நீ பார்த்த எண்கள் எல்லாம் அவைதான் மக்கா.

கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்றால் 'சோதித்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் வரிக்கு வரி என் பெயர் இருக்கும். அதை எடுத்துவிடு. காலிப் பை இருக்கட்டும்.